வீட்டோடு ஓர் ஓட்டல்

"கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, என்ன தொழில் செய்யலாம்?" என்று மதுரையில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "சாப்பாட்டுக் கடை போடுங்கள். மனுஷனுக்கு வயிறு இருக்கிற வரையில் நஷ்டமே வராது" என்று உடனே பதில் வரும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், எல்லோருக்கும் வயிறு இருந்தும், திறந்த மறு வருஷமே பெயர்ப் பலகையைக் கழற்றி வைத்த கடைகள் நம் ஒவ்வொருவர் தெருவிலும் இருக்கின்றன, அல்லவா?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சாதாரண ஓட்டல் போதவில்லை. 'தீம்' ஓட்டல் வைக்க வேண்டுமாம்! உள்ளே நுழைந்தால் கிராமத்துக் குடிசை மாதிரி இருக்க வேண்டும். அல்லது பழைய ரயில் பெட்டி மாதிரி, டூரிங் சினிமாக் கொட்டகை மாதிரி இருக்க வேண்டும். பக்கத்திலேயே சீமையில் இருப்பது போல் ஒரு 'பப்'பும் இருந்தால் பேஷாக இருக்குமாம். நான் இதற்கு 'வேஷம் கட்டிய ஓட்டல்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இந்த யோசனை நாளைக்கே உங்கள் வீட்டுக் கூடத்திலும் எழலாம். பிள்ளையோ, மருமகனோ, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவரோ சொல்லலாம். பேச்சு முற்றி, வீட்டுப் பத்திரத்தையும் உங்கள் கழுத்துச் சங்கிலியையும் நோக்கி எல்லோருடைய பார்வையும் திரும்புவதற்கு முன்னால், சில விஷயங்களை நீங்கள் தெரிந்துகொண்டிருப்பது நல்லது. கே.கே. நகரையே உதாரணமாக வைத்துக்கொண்டு பேசுவோம்.

இடம் எப்படி?

வைகைக்கு வடகரையில் வளர்ந்த புது மதுரையில் கே.கே. நகருக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு பக்கம் வண்டியூர்க் கண்மாய். இன்னொரு பக்கம் அண்ணா நகர். வெகு சமீபத்தில் மாட்டுத்தாவணி பஸ் நிலையம். மேலூர் சாலையில் சிறிது தூரம் போனால், 2004 ஜூலையில் திறக்கப்பட்ட ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை. சுற்றுவட்டாரத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள். பூ மார்க்கெட்டும் காய்கறி மார்க்கெட்டும் மாட்டுத்தாவணிப் பக்கமே இருக்கின்றன.

இதனால் ஓட்டல்காரருக்கு என்ன லாபம்? இங்கே நடமாடும் ஜனங்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வழக்குக்காக வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மத்தியானம் ஒரு மணிக்கு வயிறார உண்டு, இரண்டு மணிக்குள் கோர்ட்டில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காரமில்லாத ரசஞ்சாதமும் ஒரு பிளாஸ்கு வெந்நீரும் கிடைத்தால் கும்பிடுவார்கள். கண்மாய்க் கரையில் காலையில் உலாவப் போகிறவர்கள் காப்பி தேடுவார்கள். நள்ளிரவில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவனுக்குச் சூடாக இரண்டு இட்லி போதும். மதுரையைத் தூங்கா நகரம் என்று சும்மாவா சொன்னார்கள்?

ரயில் பெட்டி வேஷம் போட்ட ஓட்டலுக்கு இவர்களில் யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் வரும். பிறந்த நாள் கொண்டாடும் கல்லூரி மாணவர்கள் வருவார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் இருக்கிறதே, அதற்கு யார்? திட்டம் போடும் பிள்ளையிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

வேஷம் எத்தனை நாள்?

வேஷத்தால் கூட்டம் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. சென்னையில் 'கைதி கிச்சன்' என்று ஓர் ஓட்டல் வந்தது. கம்பிக்குள் மேஜை, கைதி உடையில் பரிமாறுகிறவர்கள். 2017ல் பழைய மகாபலிபுரம் சாலையில் ரோபோ இயந்திரம் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த ஓட்டலைப் பற்றிப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நம் மதுரையிலேயே கொரோனாக் காலத்தில், 2020 ஜூலையில், முகக் கவசம் போன்ற வடிவத்தில் பரோட்டா போட்டார் ஒருவர்! கவசம் அணியும்படி ஜனங்களுக்கு நினைவூட்டத்தான் அப்படிச் செய்தார். ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது.

இவற்றில் உள்ள சங்கடம் ஒன்றுதான். முதல் தடவை ஆச்சரியப்படுகிறோம். இரண்டாம் தடவை புன்னகை செய்கிறோம். மூன்றாம் தடவை, "சாம்பாரில் உப்புக் குறைவு" என்கிறோம்.

அகமதாபாத்தில் 'லக்கி ரெஸ்டாரண்ட்' என்று ஒரு கடை இருக்கிறது. பழைய சமாதிகள் இருந்த இடத்தில் கட்டியது. சமாதிகளை அகற்றாமல், சுற்றிலும் சிறு கம்பி வேலி போட்டு, நடுநடுவே மேஜை நாற்காலிகளைப் போட்டுவிட்டார்கள். வெண்ணெய் தடவிய பன்னும் டீயும் அங்கே பிரசித்தம். ஓவியர் எம்.எப். ஹுசேன் அங்கே டீ சாப்பிட வருவார். தாம் வரைந்த படம் ஒன்றையும் கொடுத்திருக்கிறார். சமாதியைப் பார்க்க ஒருவன் ஒரு தடவை வரலாம். தினம் தினம் வருகிறவன் டீக்காகத்தான் வருகிறான்.

சென்னைக்காரர்களுக்கு 'உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்' நினைவிருக்கும். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, சமையலறை எடுபிடியாகத் தொடங்கி உயர்ந்த கே. கிருஷ்ண ராவ், 1962ல் அதைத் திறந்தார். மரத்தடியில் காரை நிறுத்தினால் ஜன்னலில் தட்டை மாட்டிப் பரிமாறுவார்கள். அந்தக் காலத்தில் அது மகா பெரிய வேஷம்! ஆனால் கார் இல்லாதவர்களும் உள்ளே போய் உட்கார்ந்து மணிக்கணக்காக ஒரு காப்பியோடு பேசிக்கொண்டிருக்கலாம். எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் அப்படித்தான் இருந்தார்கள். நாற்பத்தாறு வருஷம் ஓடிய பிறகு 2008ல் அது மூடப்பட்டது. ருசி கெட்டா மூடினார்கள்? இல்லை. நிலம் சொந்தமில்லை, குத்தகை நிலம் சர்க்கார் கைக்குப் போயிற்று. 2010 முதல் அந்த இடம் செம்மொழிப் பூங்கா. வாடகை இடத்தில் பெரும் பணம் போட்டு ஜோடனை செய்ய நினைக்கிறவர்கள், குத்தகைப் பத்திரத்தில் எத்தனை வருஷம் எழுதியிருக்கிறது என்பதை இரண்டு தடவை படிக்க வேண்டும். சுவரில் பதித்த ரயில் ஜன்னலைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

'பப்' விஷயம்

'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொது வீடு என்று அர்த்தம். இங்கிலாந்தில் பல கிராமத்துப் பப்புகளில், அதை நடத்தும் குடும்பம் மாடியிலேயே குடியிருக்கும். வீட்டு அம்மாள் கீழே நின்று வருகிறவர்களை விசாரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு வந்து சாப்பிடுவார்கள். அந்தத் தேசத்துச் சீதோஷ்ணத்துக்கும் பழக்கத்துக்கும் அது பொருந்துகிறது.

நம் ஊர்ச் சட்டம் வேறு. தமிழ்நாட்டில் 2003லிருந்து மதுவின் சில்லறை விற்பனை 'டாஸ்மாக்' என்ற சர்க்கார் ஸ்தாபனத்தின் கையில் இருக்கிறது. கள் 1987லிருந்து தடை. தனியார் மதுக்கூடம் வைப்பதற்கு நட்சத்திர அந்தஸ்துள்ள ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும் உரிய தனி லைசென்சு வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குக் கொடுக்கக் கூடாது. ஆகவே, வீட்டு முன் அறையில் இருபது நாற்காலி போட்டு நடத்தும் குடும்பக் கடைக்குப் 'பப்' என்பது நடக்கிற காரியமே அல்ல. சட்டத்தை விடுங்கள், குடித்த ஒருவர் கலாட்டா செய்யும்போது, கல்லாவில் உட்கார்ந்திருப்பது உங்கள் மகளாக இருக்கலாம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அதற்காக வருந்த வேண்டியதில்லை. மதுரைக்கென்று பழைய 'பப்' ஒன்று இருக்கவே இருக்கிறது. அதுதான் ஜிகர்தண்டாக் கடை! பால், கடற்பாசி அல்லது பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பாலில் செய்த ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்து ஒரு கிளாஸ். ஹிந்துஸ்தானியில் 'ஜிகர்' என்றால் ஈரல். நெஞ்சு என்றும் கொள்ளலாம். 'தண்டா' என்றால் குளிர்ச்சி. விளக்குத்தூண் பக்கம் 1977லிருந்து நடந்து வரும் 'பேமஸ் ஜிகர்தண்டா' கடையின் எதிரே சித்திரை மாதத்து மாலையில் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். தாத்தாவும் பேத்தியும் ஒன்றாக நின்று குடிக்கிறார்கள். சாயங்காலமானால் தெருமுனையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்கிறது. பருத்திக் கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, வெல்லமும் சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சியது. குடும்பத்தோடு நின்று குடிக்க இவற்றைவிட என்ன வேண்டும்?

மதுரையில் நிலைத்த கடைகள் வேஷம் கட்டாமலே ஒரு 'தீம்' வைத்திருக்கின்றன. அது ஒரு பண்டம். சிம்மக்கல் கோனார் கடை என்றால் கறிதோசை. தல்லாகுளம் அம்மா மெஸ் என்றால் அயிரைமீன் குழம்பு. ஊர் பெயரைச் சொன்னதும் கடை நினைவுக்கு வருவது போய், பண்டத்தைச் சொன்னதும் கடை நினைவுக்கு வருகிறது. இதற்குச் சுவரில் ஜோடனை செலவு கிடையாது. ஆனால் தினமும் அதே ருசி வர வேண்டும். அதுதான் கஷ்டம்.

இதிலே ஒரு வேடிக்கை. கே.கே. நகருக்குப் பக்கத்தில் அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை 1976ல் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளோடு ஆரம்பித்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, உடன்பிறந்தாரையும் அவர்கள் துணைவரையும் கூட்டிக்கொண்டு குடும்பமாக உழைத்தவர். அவர் வியந்து பாராட்டியது எதை தெரியுமா? அமெரிக்காவின் 'மக்டொனால்ட்' பலகாரக் கடைகளை! எந்த ஊரில் போனாலும் ஒரே தரம், ஒரே முறை. இதைக் கண் சிகிச்சையில் கொண்டு வர முடியாதா என்று கேட்டார். கொண்டு வந்தும் காட்டினார். ஓட்டலைப் பார்த்து ஓர் ஆஸ்பத்திரி கற்றுக்கொண்டிருக்கும்போது, ஓட்டல் வைக்கிறவர் கற்றுக்கொள்ளக் கூடாதா?

மையா குடும்பத்துக் கதை

குடும்பமாக ஓட்டல் நடத்தி நூறு வருஷம் தாண்டியவர்கள் உண்டா என்று கேட்பீர்கள். பெங்களூரில் இருக்கிறார்கள். 1924ல் பரமேசுவர மையா, கணப்பய்ய மையா, யக்ஞநாராயண மையா என்ற சகோதரர்கள் ஒரு சின்னக் காப்பி கிளப்பு வைத்தார்கள். அதுதான் பின்னால் 'மாவள்ளி டிபன் ரூம்' ஆயிற்று. எம்.டி.ஆர். என்றால் உங்களுக்கு உடனே தெரியும்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அரிசித் தட்டுப்பாடு வந்தது. இட்லிக்கு அரிசி இல்லை. கடையை மூடாமல், ரவையில் இட்லி செய்து பார்த்தார்கள். இன்று நம் வீட்டில் அவசரத்துக்குச் செய்கிறோமே, அந்த ரவா இட்லி அப்படிப் பிறந்ததென்று சொல்வார்கள்.

1951ல் யக்ஞநாராயண மையா ஐரோப்பாவுக்குப் போனார். அங்கே ஓட்டல்களில் சுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து, பாத்திரங்களை வெந்நீர் ஆவியில் கிருமி நீக்கச் செய்தார். சாப்பிட வருகிறவர்கள் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கலாம் என்றும் ஏற்பாடு செய்தார். 'சுத்தம்' என்பதுதான் அவர் போட்ட வேஷம்! அது எந்தக் காலத்திலும் அலுப்பதில்லை.

சோதனையும் வந்தது. 1975ல் அவசர நிலைக் காலத்தில் பலகாரங்களின் விலையைச் சர்க்கார் குறைத்து நிர்ணயித்தார்கள். அந்த விலைக்குச் சரக்கின் தரத்தைக் குறைக்க மனம் வராமல், ஓட்டலை மூடினார்கள். சும்மா இருந்த ஆட்களுக்கு வேலை கொடுக்க, ரவா இட்லி மாவு முதலியவற்றைப் பாக்கெட்டில் போட்டு விற்றார்கள். அதுவே பெரிய தொழிலாயிற்று.

பிறகு, எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதே நடந்தது. பாகம் பிரிந்தது. ஓட்டல் ஒரு பக்கம், பாக்கெட் வியாபாரம் ஒரு பக்கம். பாக்கெட் வியாபாரம் 2007ல் நார்வே நாட்டு ஓர்க்லா கம்பெனிக்கு விற்கப்பட்டது. ஓட்டல் மட்டும் இன்றும் மையா குடும்பத்திடமே இருக்கிறது. மூன்றாவது தலைமுறையில் சகோதரர்களோடு சேர்ந்து அதை நடத்துகிறவர் ஹேமமாலினி மையா. சமையல் கட்டு ஆண்கள் வசமே இருந்த ஒரு ஸ்தாபனத்தில், நிர்வாகத்தில் ஒரு பெண் வந்து அமர மூன்று தலைமுறை ஆயிற்று என்பதைக் கவனித்தீர்களா?

ஒரு கணக்குப் போடுவோம்

கதை போதும், கணக்குக்கு வாருங்கள். இவை நான் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் தெரு நிலவரத்தை விசாரித்து, வேறு தொகைகளைப் போட்டுக்கொள்ளலாம். கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

கடையில் 24 இருக்கை. ஒரு நாளில் ஒவ்வொரு இருக்கையிலும் மூன்று பேர் உட்கார்ந்து எழுந்தால் 72 பேர். தலைக்கு 150 ரூபாய் என்றால் 10,800 ரூபாய். மாதம் 26 நாளில் 2,80,800 ரூபாய். ஆஹா, மூன்று லட்சம்! என்று பிள்ளை துள்ளிக் குதிப்பான். கொஞ்சம் பொறு, தம்பி.

மளிகை, காய்கறி, பால், எண்ணெய் இவற்றுக்கு நூற்றுக்கு நாற்பது: 1,12,320. வாடகை 30,000. மூன்று ஆள் சம்பளம் 45,000. காஸ், மின்சாரம், தண்ணீர், துப்புரவு 25,000. ஆகச் செலவு 2,12,320. மிச்சம் 68,480.

இப்போது, அடுப்படியில் நிற்கும் அம்மாவும், கல்லாவில் உட்காரும் மருமகளும் இருக்கிறார்களே, அவர்களுக்கும் மற்ற ஆட்களைப் போல 15,000 போடுங்கள். மிச்சம் 38,480. வேஷம் கட்ட ஆறு லட்சம் கடன் வாங்கி, வருஷம் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் மூன்று வருஷத்தில் கட்டுவதானால், மாதத் தவணை ஏறக்குறைய 20,000. மிச்சம் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

இது கடை நிறையும்போது. பாதிதான் நிறைகிறது என்று வையுங்கள். வரவு 1,40,400. மளிகையும் பாதியாகி 56,160. ஆனால் வாடகையும் சம்பளமும் காஸும் பாதியாகுமா? அந்த ஒரு லட்சம் அப்படியே நிற்கும். மாதம் 15,760 நஷ்டம். கடன் தவணையையும் சேர்த்தால் 35,760. இதில் அம்மாவுக்கும் மருமகளுக்கும் ஒரு காசு சம்பளம் கிடையாது!

குடும்பக் கடைகள் பல வருஷம் நஷ்டத்திலேயே ஓடுவதன் ரகசியம் இதுதான். வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எழுதுவதில்லை. எழுதாததால் நஷ்டம் கண்ணில் படுவதில்லை. முதல் நாளிலிருந்தே கணக்குப் புத்தகத்தில் உங்கள் சம்பளத்தை எழுதச் சொல்லுங்கள். கையில் கொடுக்க முடியாத மாதத்தில், 'பாக்கி' என்றாவது எழுதட்டும்.

கைபேசி மூலம் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே கொண்டு கொடுக்கும் கம்பெனிகள் வேறு இருக்கின்றன. அவர்கள் விற்பனை விலையில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். கடையில் விற்கும் அதே விலைக்கு அங்கேயும் கொடுத்தால் கட்டுமா என்று தனிக் கணக்குப் போடுங்கள்.

சர்க்கார் என்ன கேட்பார்கள்?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006ல் வந்தது. அதன்படி, வீட்டிலிருந்து ஊறுகாய் விற்பவர் உட்பட எல்லோரும் பதிவோ லைசென்சோ பெற வேண்டும். பதினான்கு இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள். அதைக் கடையில் பார்வையாக மாட்ட வேண்டும். மாநகராட்சியின் தொழில் லைசென்சு தனி. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். மேலே போட்ட கணக்கில் கடை நிறைந்தால் வருஷத்துக்கு முப்பத்து மூன்று லட்சத்துக்கு மேல் வருகிறதே, ஆகவே இது உங்களுக்குப் பொருந்தும். சாதாரண ஓட்டல்களுக்கு வரி நூற்றுக்கு ஐந்து.

வீட்டுக்கு வரும் 14.2 கிலோ காஸ் சிலிண்டரைக் கடை அடுப்பில் மாட்டக் கூடாது. வியாபாரத்துக்கென்று உள்ள 19 கிலோ சிலிண்டர்தான் வாங்க வேண்டும். வீட்டின் முன்புறத்தையே கடையாக்கினால், மின்சார இணைப்பையும் வியாபாரக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று இருந்துவிட்டால், தீ விபத்து நேர்ந்த நாளில் எல்லோரும் பார்ப்பார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பார்க்கும்.

கடைக்குப் பெயர் வைத்ததும் வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். 1999ஆம் வருஷச் சட்டப்படி பதிவு பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். சினிமா வேஷம் கட்டுகிறவர்கள், நடிகர் படத்தையும் சினிமாப் பாட்டையும் இஷ்டப்படி உபயோகிக்க முடியாது என்பதை மறக்கக் கூடாது. கடையில் இசைத்தட்டுப் பாட்டுப் போடுவதற்கும் உரிமைக் கட்டணம் உண்டு.

வேலைக்கு வைக்கும் ஆட்களையும் நினையுங்கள். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்காருவதற்கு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று தமிழ்நாடு சட்டசபை 2021ல் சட்டம் செய்தது. நாள் முழுவதும் நின்று கால் வீங்கியவர்களின் கஷ்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அடுப்படியில் நிற்கும் நீங்களும் ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்யச் சட்டம் ஓரளவு இடம் கொடுக்கிறது. பள்ளி நேரம் போக மீதியில் மட்டும்தான். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பெண் மேஜை துடைத்துக்கொண்டிருந்தால், அந்தக் கடையில் வரும் லாபம் லாபமே அல்ல.

யாருடைய கடை?

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியதற்கு இப்போது வருகிறேன்.

கடை திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவது நீங்கள். மசாலாவின் பக்குவம் உங்களுடையது. பலகையில்கூட 'அம்மா கை மணம்' என்று எழுதுவார்கள். ஆனால் வாடகைப் பத்திரம் யார் பெயரில்? பாங்கிக் கணக்கு யார் பெயரில்? லைசென்சு யார் பெயரில்?

குடும்பச் சொத்தில் பெண்களுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989ல் சட்டம் வந்தது. 2005ல் தேசம் முழுவதற்கும் இந்து வாரிசுச் சட்டத்தில் திருத்தம் வந்தது. பிறந்த பெண்ணுக்கு இதனால் நன்மை. வீட்டுக்கு வந்த மருமகளுக்கு? அவள் இருபது வருஷம் அடுப்படியில் வெந்திருப்பாள். நாளைக்குச் சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போது, அவள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லையென்றால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வர வேண்டியதுதான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1932ஆம் வருஷக் கூட்டு வியாபாரச் சட்டப்படி ஒரு பங்காளிப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். உழைக்கும் பெண்களைப் பங்காளிகளாகச் சேர்க்கலாம். யாருக்கு எத்தனை பங்கு, மாதம் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், ஒருவர் விலகினால் எப்படிக் கணக்குத் தீர்ப்பது, கடையின் பெயர் யாருக்கு என்பதையெல்லாம், சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் காலத்திலேயே எழுதி வைப்பது உத்தமம். "நமக்குள்ளே என்ன காகிதம்?" என்று யாராவது சொன்னால், "நமக்குள்ளே மனஸ்தாபம் வராமல் இருக்கத்தான்" என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. "சும்மா ஒரு கையெழுத்துப் போடு" என்று கடன் பத்திரத்தை நீட்டுவார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் கடன் வாங்கியவருக்கும் பொறுப்பில் வித்தியாசம் இல்லை. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பாங்கிக்காரர் நேரே உங்களிடமே வரலாம். பங்கில்லாத கடைக்கு ஜாமீன் மட்டும் நிற்பது என்ன நியாயம்? கையெழுத்து வேண்டுமென்றால் பங்கும் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

ஐம்பது காசில் ஆரம்பம்

பெரிய முதல் இல்லாவிட்டால் ஒன்றும் முடியாது என்று மனம் தளரவும் வேண்டாம். சென்னையில் பெட்ரீஷியா நாராயண் என்ற பெண்மணி இருக்கிறார். மண வாழ்க்கை சுகப்படவில்லை. கையில் இரண்டு குழந்தைகள். தாயார் கொடுத்த சிறு தொகையில் ஊறுகாய், ஜாம் செய்து விற்றார். 1982 ஜூன் மாதம் மெரீனாக் கடற்கரையில், அண்ணா சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஒரு தள்ளுவண்டியில் கட்லெட், சமோசா, காப்பி வைத்தார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு கப் காப்பி. விலை ஐம்பது காசு. அழுதுகொண்டு வீடு திரும்பினாராம். "ஒன்றாவது விற்றதே, நாளைக்கு இன்னும் விற்கும்" என்ற மாதிரி தாயார் தேற்றினாராம். மறுநாள் அறுநூறு ரூபாய்க்கு மேல் விற்றது.

பிறகு ஆபீஸ் கான்டீன்களை எடுத்து நடத்தினார். 2004ல் ஒரு விபத்தில் மகளை இழந்தார். அந்தத் துக்கத்திலிருந்து எழுந்து, மகனோடு சேர்ந்து 'சந்தீபா' என்று மகளின் நினைவாகப் பெயரிட்டு ஓட்டல் தொடங்கினார். 2010ல் இந்திய வர்த்தக சம்மேளனம் அவருக்குச் சிறந்த பெண் தொழிலதிபர் விருது அளித்தது. கட்லெட்டுக்கும் காப்பிக்கும் எந்த வேஷமும் இல்லை. கடற்கரையில் உலாவ வருகிறவருக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்பது தெரிந்திருந்தது; அவ்வளவுதான்.

ஆகவே, உங்கள் வீட்டில் இந்த யோசனை வந்தால், வேண்டாம் என்று முதலிலேயே தலையாட்டிவிடாதீர்கள். பிள்ளைகளின் உற்சாகத்துக்கும் மதிப்பு உண்டு. மூன்று மாதம் தவணை கேளுங்கள். உங்கள் வீட்டில் எந்தப் பண்டத்தை உறவினர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்களோ, அந்த ஒன்றை மட்டும் முறைப்படி பதிவு செய்துகொண்டு விற்றுப் பாருங்கள். அடைக்குத் தொட்டுக்கொள்ளும் அவியலாக இருக்கலாம். கோழிச் சாறாக இருக்கலாம். கோர்ட்டுக்கு வந்தவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கண்மாய்க் கரையில் உலாவ வந்தவர் யார் வாங்குகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வாங்கியவர் மறு வாரம் திரும்பி வந்தாரா என்று பாருங்கள். உங்கள் இடுப்பு வலியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாத முடிவில் அந்த நோட்டைக் கூடத்தில் எல்லோர் எதிரிலும் விரித்து வைத்துப் பேசுங்கள். ரயில் பெட்டி வேண்டுமா, குடிசை வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு தீர்மானிக்கலாம். அதுவரையில் சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும்.